காலஞ்சென்ற நிஷாந்தி

நிஷாந்திக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்துகிறவர்களை நம்பலாம், கத்தி முடிந்ததும் பசிக்கிறது என்று வந்து உட்காருவார்கள். இவள் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். என்ன வேலை பார்த்தாள் என்பது பிறகுதான் தெரியவரும். சின்ன வயதில் ஒரு தேர்த் திருவிழாவில் அப்பா வாங்கிக்கொடுத்த பாசிமணி மாலையை அண்ணன் கமல் அறுத்துச் சாக்கடையில் போட்டான். அவள் அழவே இல்லை. மறுநாள் பாடசாலைக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் கமலின் கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. முந்தின மாலையே தையலில் ஒன்றுவிட்டு ஒன்றாக நூலை பிளேடால் அறுத்து வைத்திருந்தாள். அம்மா கமலம் அவளை விளக்குமாற்றால் அடித்தாள், அடித்துக்கொண்டே சிரித்தாள். "நீ எங்கிட்டுப் போய் நிக்கப் போறியோ தெரியலடி" என்றாள்.

கண்டி மகியாவையில் வீடு. அப்பா அழகமுத்து மாநகர சபை ஊழியர். அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுவாள். மகன் பிறந்தபோது அழகமுத்து பெண்டாட்டி மேல் இருந்த பிரியத்தில், அவள் பெயரிலேயே கொஞ்சம் குறைத்து அவனுக்குக் கமல் என்று வைத்தார். நிஷாந்திக்கு இது பெரிய குறை. "அவனுக்கு மட்டும் அம்மா பேரு, எனக்கு ஏன் இல்ல?" என்று எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறாள். "ஒனக்கு அம்மா மூஞ்சியே இருக்கே, பேரு எதுக்கு?" என்பார் அப்பா. அது உண்மைதான். நாடி, மூக்கு, கோபம் வந்தால் இடது புருவம் ஏறுவது, எல்லாம் அச்சாகக் கமலம்.

அப்பா போன பிறகு குடும்பத்துக்குப் பெரியவன் கமல் ஆனான். ஆனான் என்ன, ஆக்கிக்கொண்டான். நிஷாந்தி டவுனில் கொம்பியூட்டர் படித்தாள். படித்த இடத்தில் பவாஸைக் கண்டாள். அக்குறணை முஸ்லிம் பையன், போன் திருத்தும் கடை வைத்திருந்தான், அதிர்ந்து பேசத் தெரியாதவன். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். நிக்காஹ்வில் அவளுக்குப் பஸ்லினா என்று பெயர் வைத்தார்கள். அக்குறணையில் இன்றைக்கும் எல்லாருக்கும் அவள் பஸ்லினாதான். மகள் இல்மா பிறந்தாள்.

கமல் என்ன செய்தான் தெரியுமா? அவளுடைய உடுப்பையெல்லாம் வாசலில் குவித்துப் போட்டான். தெருவே பார்க்க நின்று, "எங்க வீட்ல நிஷாந்தின்னு யாரும் இல்ல. இருந்த ஒருத்தி செத்துட்டா" என்றான். சொன்னதோடு விட்டானா? தெரிந்தவர், தெரியாதவர், கோயில் ஐயர் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அம்மா மட்டும் தலையாட்டவில்லை. சனிக்கிழமை சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு வந்துவிடுவாள். பையில் இடியப்பப் பார்சல், சம்பல், இல்மாவுக்கு இனிப்பு. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "ஒங்க மாமனுக்குக் கோவம் அடங்கட்டும்டி, எல்லாரும் வீட்டுக்குப் போவோம்" என்பாள். ஆறு வருடமாக அந்தக் கோபம் அடங்கவில்லை. அம்மாவும் வருவதை நிறுத்தவில்லை.

இனி அவள் வேலைக்கு வருவோம். கண்டியில் ஒரு மாடி அறையில் 'வெண்கொடி டொட் கொம்' என்றொரு இணையத்தளம் நடக்கிறது. மரண அறிவித்தல், நினைவஞ்சலி, நன்றி நவிலல், இவைதான் அங்கே வியாபாரம். நடத்துகிறவர் நவரட்ணராஜா, யாழ்ப்பாணத்து மனிதர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் கனடா, லண்டன் என்று இருக்கிற யாழ்ப்பாணத்தார்கள். ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் நிஷாந்திக்கு ஒரு பாடம் எடுத்தார். "பிள்ளை, போனிலை 'சொல்லுங்க' எண்டு கதையாதையும். 'சொல்லுங்கோ' எண்டு கதையும். செத்தவீட்டுக்காரருக்குத் தங்கடை ஆக்களோடை கதைக்கிற மாதிரி இருக்கோணும்." அவளும் பழகிக்கொண்டாள். போனைத் தூக்கினால் பருத்தித்துறையில் பிறந்தவள் என்று சத்தியம் செய்வீர்கள். போனை வைத்தால் மகியாவைக்காரி.

தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. அதில் ஒரு வசதி உண்டு. எழுதிய அறிவித்தல் உள்ளே ஒரு பெட்டியில் எழுதியபடியே கிடக்கும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது அது வெளியே வரும் வழியில் சில கொக்கிகள் இருக்கின்றன. ஹூக் என்பார்கள். அந்தக் கொக்கியில் நாம் ஒரு ஃபில்டரை மாட்டிவிடலாம். தேத்தண்ணி வடி மாதிரிதான்: வருகிறதை வடித்து அனுப்பும். வேண்டாத சொல்லை எடுத்துவிடும், ஒரு சொல்லுக்கு இன்னொன்றை வைக்கும், இல்லாததைச் சேர்க்கவும் செய்யும். உள்ளே கிடக்கிற எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. எழுதும் திரையைத் திறந்து பார்த்தால் எல்லாம் எழுதியபடியே இருக்கும். உலகம் பார்ப்பது மட்டும் வேறாக இருக்கும்.

நவரட்ணராஜாவுக்காக நிஷாந்தி இப்படிப் பல ஃபில்டர் எழுதியிருக்கிறாள். ஆட்கள் அவசரத்தில் 'இறந்தார்' என்று அனுப்புவார்கள். வெளியே 'இறைவனடி சேர்ந்தார்' என்று வரும். வேதக்காரர் என்றால் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று வரும். நவரட்ணராஜாவுக்கு அதெல்லாம் எப்படி நடக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. எழுதும் திரையில் பிழை இல்லையா, அவருக்கு அது போதும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்மா வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. சார்ஜ் போட மறந்திருப்பாள், அல்லது கமல் வீட்டில் இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு நிஷாந்தி இல்மாவைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

திங்கள் காலை அலுவலகத்துக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, வந்திருந்த அறிவித்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூன்றாவதைத் திறந்தபோது திரையில் அம்மாவின் படம் வந்தது.

'கலகெதரையைப் பிறப்பிடமாகவும் கண்டி மகியாவையை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி கமலம் அழகமுத்து அவர்கள் வெள்ளிக்கிழமை இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற அழகமுத்துவின் அன்பு மனைவியும், கமலின் பாசமிகு தாயாரும், பிரேமிளாவின் அன்பு மாமியாரும் ஆவார். அன்னாரின் பூதவுடல் ஞாயிற்றுக்கிழமை நல்லடக்கம் செய்யப்பட்டது. தகவல்: கமல் (மகன்).'

அவள் மறுபடி வாசித்தாள். செய்யப்பட்டது. அதாவது முடிந்துவிட்டது. மண்ணும் போட்டாயிற்று. சனிக்கிழமை அவள் தேத்தண்ணிக் கடையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அம்மா பெட்டிக்குள் கிடந்திருக்கிறாள். முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை படுபாவி! பிறகு இதை ஊருக்குச் சொல்லும்போது 'கமலின் தாயார்' என்று போட்டிருக்கிறான். கமலுக்கு மட்டும்தான் தாயாம்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார் நவரட்ணராஜா.

"தலையிடி சேர்" என்றாள் நிஷாந்தி.

"அப்ப உந்த மூண்டையும் ஏத்திப்போட்டு வெள்ளனப் போம்."

ஏற்றினாள். அம்மாவின் அறிவித்தலையும் ஒரு எழுத்து மாற்றாமல் ஏற்றினாள். இடது புருவம் ஏறியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஞாயிற்றுக்கிழமை மண்ணுக்குள் போயிருந்தாள்.

பிறகு ஃபில்டர் எழுத உட்கார்ந்தாள். ரொம்ப எளிய ஃபில்டர். 'கமல்' என்ற சொல் எங்கே வந்தாலும் எடுத்துவிடு. என்னை இல்லாமல் ஆக்கினாய் அல்லவா, நீயும் இல்லாமல் போ. நீ எழுதினதை உள்ளே நூறு தடவை திறந்து பார், உன் பெயர் இருக்கும். வெளியே தேடு, கிடைக்காது. பைத்தியம் பிடித்து அலை.

மாட்டிவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். கடைசி வரியில் 'தகவல்: (மகன்)' என்று வந்தது. நல்லது. ஆனால் நடுவில் 'கமலின் பாசமிகு தாயாரும்' அப்படியே நின்றது. அது ஏன் என்று அவளுக்கு உடனே விளங்கியது. கமல் என்று எழுதினால் 'ல்' தலையில் புள்ளி இருக்கும். கமலின், கமலுக்கு, கமலை என்று வந்தால் புள்ளி போய்விடும். புள்ளியோடு தேடினால் புள்ளி இல்லாதது எப்படி அகப்படும்? அவள் அந்தப் புள்ளியைத் தூக்கினாள். 'கமல' என்று தொடங்குகிற எந்தச் சொல்லானாலும் முழுசாக எடு என்று எழுதினாள். தலைப்பிலும் தப்பிவிடக் கூடாது என்று தலைப்புக்கும் சேர்த்து மாட்டினாள். பக்கத்தைத் திறந்து, நேரே அந்த வரிக்குப் போனாள். 'அன்பு மனைவியும், பாசமிகு தாயாரும்' என்று இருந்தது. கமல் இல்லை. வேறு எதையும் பார்க்காமல் கொம்பியூட்டரை மூடிவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் பவாஸிடம் சொன்னபோதுதான் அழுகை வந்தது. அவன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான். "உம்மா மௌத்தாகி எங்களுக்கு ஒரு சொல் சொல்லல்லையே" என்று அவனும் கண்ணைத் துடைத்தான். பிறகு, "ஒங்கட நானாவ உட்டுடுங்க பஸ்லினா. அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான்" என்றான்.

"பாத்துக்குவான். அதுவரைக்கும் என்னால சும்மா இருக்க ஏலாது" என்றாள் நிஷாந்தி.

அடுத்த நாள் காலை வேலைக்கு வந்து கைப்பையை மேசையில் வைக்கவில்லை, அலுவலகப் போன் அடித்தது.

"வணக்கம், வெண்கொடி. சொல்லுங்கோ."

"மேடம், நேத்து ஒரு அறிவித்தல் குடுத்திருந்தேன். கமலம் அழகமுத்து. அதுல..." அது கமலின் குரல். ஆறு வருடம் கழித்தும் ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அவனுக்குத்தான் தெரியவில்லை. "அதுல எங்க அம்மா பேர காணோம் மேடம்."

நிஷாந்தி பக்கத்தைத் திறந்தாள். தலைப்பில் 'திருமதி அழகமுத்து' என்று இருந்தது. உள்ளேயும் 'திருமதி அழகமுத்து அவர்கள்' என்றுதான் இருந்தது. படத்தில் அம்மா இருந்தாள், பெயர் இல்லை. கமல, கமலம். ஐயோ, அந்தப் புள்ளியைத் தூக்கியபோது தலையில் உறைக்கவில்லையே! அவனை வெட்டுகிறேன் என்று போய் அம்மாவை வெட்டிவிட்டாளே! தளத்தில் இருந்த கமலாதேவிகள், கமலநாதன்கள் எல்லாருமே முந்தின நாளில் இருந்து காணாமல் போயிருந்தார்கள்.

"ஓம், பாத்தனான்" என்றாள். "உங்கடை பேரும் விழுந்திட்டுதெல்லோ?"

"எம் பேரு போனாப் போவுது மேடம். அம்மா பேரு இல்லாம கெடக்கே. கொழும்புல இருந்து சித்தப்பா போன் போட்டு ஏசுறாரு. யாரோ அனாதப் பொணம் மாதிரி படம் மட்டும் கெடக்குன்னு. எப்பிடியாச்சும் போட்டுக் குடுங்க மேடம்."

அவன் அழுதான். எத்தனை சண்டை போட்டாலும் அம்மாவுக்கு இவன் பிள்ளைதானே, இவனுக்கும் அவள்தானே அம்மா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் நிஷாந்தியின் வாய் கேட்டது. யோசித்துக் கேட்கவில்லை.

"பிள்ளையளின்ரை விபரத்திலை ஒரு பிழை கிடக்கு. அதாலைதான் பேர் நிக்குதில்லை. அம்மாவுக்கு எத்தினை பிள்ளையள்?"

"ஒண்ணு. நான்தான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. எல்லாப் பிள்ளையளின்ரை பேரும் இருந்தால்தான் தாயின்ரை பேர் வரும்."

கீழே தெருவில் பஸ் கொண்டக்டர் ஒருவன் மாத்தளை, மாத்தளை என்று கூவிக்கொண்டிருந்தான். அவள் விடாமல் காத்திருந்தாள்.

"ரெண்டு" என்றான் கமல்.

"மற்றப் பிள்ளையின்ரை பேர்?"

"நிஷாந்தி."

அவள் போனைக் காதில் இருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். சொல்லிவிட்டான். அவன் வாயால் சொல்லிவிட்டான். அதோடு அவன் வாயை மூடியிருந்தால், நான் அறிந்த நிஷாந்தி அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டிருப்பாள். சனியன் பிடித்த வாய் மூடவில்லை.

"மேடம், அந்தப் பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போட்ருங்க."

"அவ செத்துப்போனாவோ?"

"எங்களப் பொறுத்தவரைக்கும் செத்துட்டா மேடம். பேரு வரணும்னா அப்பிடியே வரட்டும். இல்லாட்டி வேணாம்."

நிஷாந்திக்கு வந்த இரக்கம் போன இடம் தெரியவில்லை. "சரி. நீங்கள் சொன்னமாதிரியே போடுறன்" என்றாள் பருத்தித்துறைக் குரலில்.

முதலில் முந்தின நாள் ஃபில்டரைக் கழற்றி எறிந்தாள். திருமதி கமலம் அழகமுத்து தன் இடத்துக்கு வந்து நின்றாள். மற்றக் கமலாக்களும் அவரவர் இடத்துக்கு வந்தார்கள். "மன்னிச்சுக்கம்மா" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அவன் சொன்னபடியே எழுதினாள்: 'கமல், காலஞ்சென்ற நிஷாந்தி ஆகியோரின் பாசமிகு தாயாரும்.' தன் பெயருக்கு முன்னால் தன் கையாலேயே அந்தச் சொல்லைத் தட்டினாள். எழுதும் திரையைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். இது அலுவலக வழக்கம். வாடிக்கையாளர் சரி என்றால்தான் வெளியிடுவார்கள். 'சரி. நன்றி மேடம்' என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டாவது ஃபில்டரை எழுதினாள். இந்தத் தடவை ஆத்திரத்தில் கண்டபடி வெட்டவில்லை. இந்த ஒரு அறிவித்தலுக்கு மட்டும். அப்பா உண்மையாகவே காலஞ்சென்றவர், அவருடைய சொல்லில் கை படக்கூடாது. ஆகவே 'காலஞ்சென்ற நிஷாந்தி' என்று இரண்டும் சேர்ந்து வருகிற இடத்தில் மட்டும் 'நிஷாந்தி' என்று வை. அந்தச் சொல்லைத் தூக்கிக் கமலின் தலையில் வைத்தால் என்ன என்று ஒரு ஆசை வந்தது. விரல்கூடப் போனது. அம்மாவின் பக்கத்தில் பொய் வேண்டாம் என்று திரும்பினாள். உண்மையைச் சேர்க்கலாமே! 'பிரேமிளாவின் அன்பு மாமியாரும்' என்ற இடத்தில் 'பிரேமிளா, பவாஸ் ஆகியோரின் அன்பு மாமியாரும், இல்மாவின் ஆசைப் பாட்டியும்' என்று வை. கொக்கியில் மாட்டினாள். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 'கமல், நிஷாந்தி ஆகியோரின் பாசமிகு தாயாரும்.' அம்மா பெயர் இருந்தது. அப்பா பெயர் இருந்தது. எல்லாரும் இருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் கொழும்புச் சித்தப்பாவில் இருந்து கலகெதரைச் சொந்தம் வரைக்கும் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? 'சபாஷ் கமல், தங்கச்சியையும் சேத்துட்டியே, அம்மா ஆத்மா சாந்தியடையும்' என்று ஒருவர் மாற்றி ஒருவர் அவனுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். சித்தப்பா அழுதேவிட்டாராம். மூன்று மணிக்கு அலுவலகப் போன் அலறியது. நவரட்ணராஜா எடுத்தார்.

"தம்பி, கத்தாதையும். நான் இப்ப திறந்து வைச்சுப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார், எழுதும் திரையில் விரலை வைத்து. "கமல், காலஞ்சென்ற நிஷாந்தி. நீர் தந்தபடிதானே கிடக்கு? பவாசோ? அப்பிடி ஒரு பேரே இதிலை இல்லை. உம்மடை போனிலைதான் ஏதோ பிழை." மறுபக்கம் சத்தம் ஏறியது. அவர் காதைத் தேய்த்துக்கொண்டு போனை நீட்டினார். "இந்தாரும் பிள்ளை, நீர் கதையும். எனக்கு விளங்கேல்லை."

நிஷாந்தி போனை வாங்கினாள்.

"நா என்ன சொன்னேன், நீங்க என்ன போட்டு வச்சிருக்கீங்க?" கமல் கத்திக்கொண்டிருந்தான். "காலஞ்சென்றன்னு போடச் சொன்னேனா இல்லியா? அவன் பேரு எப்பிடி எங்கம்மா நோட்டீஸ்ல வரும்? யாரு இத ஏத்துனது? அந்த ஆளோட பேசணும்!"

"பேசுண்ணே" என்றாள் நிஷாந்தி, மகியாவைக் குரலில். "காலஞ்சென்றவதான் பேசுறேன்."

நவரட்ணராஜா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார், பிறகு திரையில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தார். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதும் திரையை மூடினார்.

"வச்சுராத. ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "அம்மாவ எந்தப் பக்கம் அடக்கம் பண்ணீங்க? இப்ப சொல்லு. சனிக்கெழம எம் புருசனோட, எம் புள்ளயோட, இடியப்பம் எடுத்துக்கிட்டு வருவேன். ஊரெல்லாம் கமலோட தங்கச்சின்னு வாசிச்சாச்சு. முடிஞ்சா மயானத்து வாசல்ல நின்னு, இவ செத்தவன்னு சொல்லித் தடுத்துப் பாரு."